கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

ஜனவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி படுக்கையோடு பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் இன்னும் நம் வீட்டு நடு அறையில் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுதுங்கள். போன் வேண்டாம். விடுதிக்கு ஒரே போன், அதுவும் வார்டன் மேஜைமேல். நம் வீட்டிலோ அது அண்ணன் தலைமாட்டில் இருக்கிறது. அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

பதினைந்து வருஷம் வார்டில் ஓடிய கால்களை மடக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பதவி உயர்வுக்கு இந்த ஒரு வருஷப் படிப்பு வேண்டுமாம், மேட்ரன் பிடித்துத் தள்ளிவிட்டார். பாடம் நடத்துபவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சின்ன டீச்சர் என்றே எல்லாரும் கூப்பிடுகிறோம். வந்த நாளிலிருந்து தியரி, தியரி என்று கேட்டுக் காது புளித்துப்போயிற்று. கரும்பலகை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் போட்டு ஒன்றுக்குள் 'மனிதன்' என்றும் இன்னொன்றுக்குள் 'சூழல்' என்றும் எழுதி நடுவில் அம்புக்குறி போடுகிறார். ராத்திரி ட்யூட்டியில் முப்பது பேரைத் தனியாகப் பார்க்கும்போது எந்த அம்புக்குறி வந்து கைகொடுத்தது என்று கேட்கலாமா என்று பார்த்தேன். முதல் வாரமே வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

நான் சொல்லிவிட்டு வந்ததில் ஒன்றையும் மாற்றாதீர்கள். நீங்கள்தான் ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், சட்டை மாட்டிவிட வேண்டும். நீங்கள் பிடிக்காமல் அவர் எழுந்திருக்கக் கூடாது. பக்கவாதம் வந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

கார்மென்ட்ஸில் உங்களுக்குக் கொடுத்த விடுப்பு மே கடைசி வரைதான் என்பது எனக்கு மறக்கவில்லை. அத்தனை பெரிய ஃபாக்டரியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரே பெண் நீங்கள். ஜூன் பிறந்து நீங்கள் போய் நிற்கவில்லை என்றால் அந்த இடத்தில் வேறொருவரை வைத்துவிடுவார்கள். அதற்குள் பகல் பொழுது முழுக்க அண்ணனைத் தனியாக விட்டுப் போகிற நிலைக்கு அவரைக் கொண்டுவந்தாக வேண்டும். கொண்டுவந்துவிடுவோம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 21

என் அருமை நர்சம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நல்ல சுகம். எல்லாரும் என்றால் உன் அண்ணன். எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்தால் இப்போது வாய் இடது பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்புதான்.

நீ சொன்னபடியே எல்லாம் நடக்கிறது. ஒரு மெஷினுக்கு எண்ணெய் போடுகிற நேரம் தவறினாலும் தவறும், உன் அண்ணனுக்கு மாத்திரை தவறாது. காலையில் வெந்நீரில் துடைத்து, தலைசீவி, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து ஊட்டுகிறேன். தினமும் சவரம். இடது கன்னத்தை அவரே உப்பிக் காட்டுவார், வலது கன்னத்தை நான் விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு என் கையில் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாதத்தில் நாலு நாள் வருவார், அதில் இரண்டு நாள் தூங்குவார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் என் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது நான் சமையலறையில் பாத்திரத்தை நகர்த்தினால்கூட "எங்க... போற" என்று கேட்கிறார்.

செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். வலது கால் தேறிவருகிறது, கை கொஞ்சம் மெதுவாக வரும், மீதி அவர் முயற்சியைப் பொறுத்தது என்றார் டாக்டர். நல்லபடியாகப் படி. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நர்சுக்குச் சளி பிடித்தால் ஊர் சிரிக்கும்.

இப்படிக்கு,
உன் அண்ணி


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், சளி இல்லை. நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நடுவில் கோபம் வரும்.

போன வாரம் எங்களை வார்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கொடுத்தது ஒரு சலூன்காரர். அண்ணனுக்கு வந்த அதே பக்கவாதம்தான் அவருக்கும், ஆனால் இடது பக்கம். வலது கை நன்றாக இருக்கிறது. குளிப்பாட்டிச் சட்டை போட்டுப் பட்டனை மாட்டி, கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நிமிர்ந்து பார்த்தால் சின்ன டீச்சர் நிற்கிறார்.

பட்டனை யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவரால் முடியாதா என்றார். முடியும், ஆனால் கால் மணி நேரம் ஆகும், எனக்கு இன்னும் பலபேர் காத்திருக்கிறார்கள் என்றேன். "அப்போ நீங்க பட்டன் போட்டது அவருக்காக இல்ல சிஸ்டர், மத்தவங்களுக்காக" என்றார். அடக்கமான குரலில்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று ராத்திரி அந்தப் பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான் அண்ணி. ஒருவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள எவ்வளவு வேண்டும், அதில் அவரால் எவ்வளவு முடிகிறது என்று பார்க்க வேண்டும். குறைகிற அளவை நிரப்புவதுதான் நர்ஸ் வேலை, அதற்குமேல் ஒரு பட்டன்கூடப் போடக் கூடாது. முதலில் முழுக்க நாம் செய்வோம். பிறகு பாதி நாம், பாதி அவர். கடைசியில் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்போம். ஆள் தேறத் தேற நம் கை பின்னால் போக வேண்டும். நான் பதினைந்து வருஷமாக முதல் கட்டத்திலேயே நின்றுகொண்டு, கெட்டிக்காரி என்று பேரும் வாங்கியிருக்கிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டு வந்ததும் அந்த முதல் கட்டம்தான். அன்றைக்கு அது சரி. இன்றைக்குச் சரியில்லை. சாப்பிடும்போது ஸ்பூனை அவர் இடது கையில் கொடுத்துப் பாருங்கள். சிந்தினால் சிந்தட்டும். ஜூனுக்கு நாலு மாதம்கூட இல்லை.

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 16

நர்சம்மாவுக்கு,

கேட்டதால் சொல்கிறேன், சுகமாகத்தான் இருக்கிறோம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

இதுதான் உன் நியாயமா? போகும்போது ஒன்றையும் மாற்றாதே என்று வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனாய். இப்போது ஒரு பெட்டியையும் அம்பையும் பார்த்துவிட்டு மாற்று என்கிறாய். அடுத்த மாதம் வேறொரு பாடம் நடத்துவார்கள், அப்போது தலைகீழாக நிற்க வைக்கச் சொல்வாயா?

சரி, படித்தவள் சொல்கிறாளே என்று ஸ்பூனைக் கையில் கொடுத்தேன். நான் பக்கத்திலேயே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்குப் போகும் வழியில் பாதி மடியில் கொட்டியது. நான் துடைக்கக் குனிந்தேன். அவ்வளவுதான், தட்டைத் தட்டிவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தரையைத் துடைத்துவிட்டு வேறு தட்டில் ஊட்டினேன், சாப்பிட்டார்.

உன் டீச்சரிடம் ஒன்று கேள். அவருக்கே வேண்டாம் என்றால் உங்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? புத்தகம் எழுதியவர் இந்த அறையில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கோபத்தில் எழுதினேன் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கோபமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஒரு நாளும் சாப்பிடாமல் இருக்கவில்லை.

நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மாற்றாதே என்று சொல்லும்போது எதுவரைக்கும் என்று நான் சொல்லாமல் வந்தது தப்புதான். உங்கள் கேள்வியை அப்படியே வகுப்பில் எழுந்து கேட்டேன். நோயாளிக்கே வேண்டாம் என்றால்? சின்ன டீச்சர் யோசித்துவிட்டு, வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள், எதை வேண்டாம் என்கிறார் என்று பாருங்கள் என்றார். சாப்பாட்டையா, ஸ்பூனையா, சிந்துவதை யாரோ பார்ப்பதையா? அதற்குமேல் புத்தகத்தில் இல்லை, நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இல்லாததை இருப்பதாகச் சொல்லாததால் அவர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

சலூன்காரரோடு என் பாடும் திண்டாட்டம்தான். ஒவ்வொரு நாளும் பட்டனை அவரிடமே விடுகிறேன். என் கை தானாக நீளுகிறது, முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கிறேன். வார்டு சிஸ்டர் வந்து, சும்மா நிற்கவா உன்னை அனுப்பினார்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சும்மா நிற்கவில்லை சிஸ்டர், அவர் எவ்வளவு செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பதினைந்து வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பதிலை நான் சொன்னதே இல்லை. அதைச் சொல்வதற்கு ஒரு காரணம் கையில் இருந்தது, அவ்வளவுதான். சலூன்காரர் பட்டனை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். நான் சரிசெய்யவில்லை.

நேற்று அவரை நடக்க விட்டேன். விழக் கூடாது என்று நினைத்தால் நடக்கவே விட முடியாது. விழுந்தாலும் அடிபடாத மாதிரி இடத்தைச் சரிசெய்துவிட்டு விட வேண்டும்.

விடாதீர்கள் அண்ணி. ஸ்பூன் வேண்டாம் என்றால் சீப்பு. சீப்பு வேண்டாம் என்றால் தண்ணீர் டம்ளர். ஃபாக்டரியிலிருந்து யாராவது பேசினார்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லையே.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று உங்களிடமிருந்து பதில் வந்தால்தான் தெரியும்.

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வார்டனைக் கெஞ்சி இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ படி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என்மேல் கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் கண்ணை மூடுகிறார் என்று எல்லாம் இருக்கிறது. எல்லாமே நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நடப்பவை. ஒரு நோயாளியைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவருக்கு உதவுகிற ஆள் இல்லாத நேரத்தையும் பார்க்கச் சொல்லி எங்களுக்குப் பாடம் இருக்கிறது. அதனால் இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன். நீங்கள் அறையில் இல்லாதபோது அண்ணன் என்ன செய்கிறார்?

பதிலை எதிர்பார்த்து,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 12

என் அருமை நர்சம்மாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கும் அவருக்கும். உன் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு வாரம் அதை மடித்து வைத்திருந்தேன். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் நான் உனக்குக் கோபமாக எழுதினேனே, அதற்கு நாலைந்து நாள் கழித்து நடந்தது இது. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, வரிசை நகரவே இல்லை. அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் மூன்று மணி நேரம் கழித்து ஓட்டமும் நடையுமாக வருகிறேன். கட்டிலில் இருந்து விழுந்து கிடப்பார் என்று வழியெல்லாம் பயம்.

கட்டிலில் அவர் இல்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்திருக்கிறார். சட்டை நனைந்துவிட்டது போல. அதைக் கழற்றி நாற்காலி முதுகில் காயப் போட்டுவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறார், உள்பக்கம் வெளியே தெரிய. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார், சுவரில் ஈரக்கை பட்ட இடம் வரிசையாக இருந்தது.

திரும்பி என்னைப் பார்த்தார். திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் முகம் அது. நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். கைதட்டியிருக்க வேண்டும். நான் அந்தச் சட்டையைக் கழற்றி நேராக மாட்டிவிட்டேன். அவரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தட்டோடு வந்தேன், வாயைத் திறந்தார்.

அவரால் முடியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு மாதமாக நான் ஊட்டுகிறேன், அவர் சாப்பிடுகிறார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது. கால் வந்துவிட்டால் போய்விடுவார். லாரி ஓட்ட முடியாது, சரி. ஆனால் லாரி ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார், பழைய ஆட்களோடு பொழுதைக் கழிப்பார், தூங்குவதற்கு மட்டும் வீட்டுக்கு வருவார். இந்த மனுஷன் இப்போதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறார். அவர் தேற வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. தேறியதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அவ்வளவுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்தார். ஜூனில் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீ திட்டினாலும் பரவாயில்லை. வெயிலில் அலையாதே.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று முதல் தடவையாக நம்புகிறேன்.

திட்டுவேன் என்றா நினைத்தீர்கள்? கட்டிலில் குப்புறப்படுத்து அழுதேன், பக்கத்துக் கட்டில்காரி வீட்டில் ஏதோ துக்கம் என்று பயந்துவிட்டாள். அண்ணன் மாதத்தில் நாலு நாள் வந்து போனதை நானும் அதே வீட்டில் இருந்துதானே பார்த்தேன்? நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்ததால் உங்களுக்கு அது பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிற இந்தத் தியரியில் உங்களுக்கு இடமே இல்லை அண்ணி. நோயாளிக்கு ஒரு பெட்டி, நர்சுக்கு ஒரு பெட்டி. நர்சுக்கு நோயாளிமேல் ஆசை இருந்தால் அம்புக்குறியை எங்கிருந்து எங்கே போடுவது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அதை ஒதுக்கியும் வைக்க முடியவில்லை. அதைப் படிக்காமல் இருந்திருந்தால் உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு, அண்ணி என்னமாய்ப் பார்த்துக்கொள்கிறார் என்று மெச்சிக்கொண்டே இருந்திருப்பேன். அண்ணனும் கட்டிலிலேயே இருந்திருப்பார்.

இப்போது நான் சொல்லப்போவது கசக்கும். உங்களுக்கு ஆசையாக இருக்கிறது என்று ஊட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. அவருக்கு முடியவில்லை என்று சொல்லி ஊட்டாதீர்கள். பாதி ஆளாக இருந்தால்தான் அவர் உங்கள் ஆள் என்றால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், அவர் என் அண்ணன். நீங்களும் அதற்குச் சம்மதிக்கிறவர் இல்லை. ஓவர்லாக் மெஷின் நூலை அறுக்கிற காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சாப்பிடக்கூடப் போகாதவர் நீங்கள். அந்த இடத்தை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டு இந்த அறையில் எத்தனை நாள் இருக்க முடியும் உங்களால்?

எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லுங்கள். அது மட்டும் போதும். மற்றதை அவர் சொல்லட்டும்.

உங்கள் உடம்பைப் பற்றி இனிமேல் ஒரு வரியாவது உண்மையாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மே 14

என் அருமை நர்சம்மாவுக்கு,

உண்மையாக எழுதுகிறேன்: முதுகு வலிக்கிறது, தூக்கம் பரவாயில்லை. அவர் நன்றாக இருக்கிறார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள் மத்தியானம் தட்டோடு போய் உட்கார்ந்தேன், வாயைத் திறந்தார், என்னால் கையைத் தூக்க முடியவில்லை. "உங்களால முடியும்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் வாயைத் தொறக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு இன்னும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வருகிறது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தேன். "நீ ஊட்டறப்ப... உன் மூஞ்சி... நல்லா இருக்கு" என்றார்.

மீதியையும் சொல்லிவிட்டேன், ஷெட்டைப் பற்றி, அவர் எழுந்தால் போய்விடுவார் என்ற பயத்தைப் பற்றி. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாரியில... தனியாத்தான் இருந்தேன்... அது போதும்" என்றார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ... அந்தப் பக்கம் போ" என்று சொன்னார். அடுத்த அறையில் போய் நின்றேன். ஸ்பூன் தட்டில் படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். உன் டீச்சர் சொன்னது சரிதான், சிந்துவதை நான் பார்ப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவரை விட்டுவிட்டுப் போகிறேன். முதலில் தெருமுனை வரை, பிறகு கடைத்தெரு வரை. ஜூன் இரண்டாம் தேதி வேலைக்கு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தால் உடனே கட்டிப்பிடித்துக் கேள்வி கேட்காமல், செருப்பைக் கழற்றி, முகம் கழுவிக்கொண்டு, சாதாரணமாகப் போய் உட்காருகிறேன். நேற்று அவராகவே தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், பாதிதான் மிச்சம் இருந்தது. அதைக் குடித்தேன்.

சிராய்ப்பு விஷயம். போன வியாழக்கிழமை நான் கடைத்தெருவில் இருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். நகர்ந்து நகர்ந்து ஸ்டூல்வரை வந்து, அதைப் பிடித்து எழுந்திருக்கிறார். நான் வரும்போது கட்டிலில் உட்கார்ந்து முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டினேன், எலும்புக்கு ஒன்றுமில்லை.

நன்றாகச் சாப்பிடு, அரையாண்டுப் பரீட்சை நெருங்குகிறது.

உன் அண்ணி


மே 23

அண்ணிக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்பதெல்லாம் இருக்கட்டும். விழுந்தார் என்று எழுதியதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. தலையில் பட்டிருந்தால்? நீங்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால்? விழுந்தவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார்களே, அவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்த்ததில்லை.

இனித் தனியாக விடாதீர்கள். ஜூன் இரண்டாம் தேதி போக வேண்டாம். சூப்பர்வைசரிடம் பேசி இன்னும் ஒரு மாதம் கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் போகட்டும். பரீட்சையை விட்டுவிட்டு நானே வந்துவிடுகிறேன். தியரி கிடக்கிறது ஓரமாக. உடனே பதில் போடுங்கள்.

நாத்தனார்


ஜூன் 2

என் அருமை நர்சம்மாவுக்கு,

நானும் உன் அண்ணனும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், பதற்றத்தை விட்டுவிட்டு. இதை ஃபாக்டரியில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், எண்ணெய்க் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அவளை... பரீட்சை எழுதச் சொல்லு" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். சலூன்காரரை நடக்க விட்டபோது எனக்கு என்ன எழுதினாய்? அவர் யாரோ, இவர் அண்ணன், அதனால் மறந்துபோய்விட்டது உனக்கு. எனக்கு மறக்கவில்லை. குளியலறைச் சுவரில் துளை போட்டுக் குழாய்க் கம்பியைப் பிடிமானமாகப் பொருத்திவிட்டேன். நான் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. தரையில் ரப்பர் விரிப்பு, கட்டிலிலிருந்து ஜன்னல்வரை கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொரு கம்பி, போன் ஸ்டூல்மேல். பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறது. இதற்குமேல் செய்தால் அது அவருக்காக இல்லை, என் பயத்துக்காகத்தான்.

காலையில் அவரே சட்டை போட்டுக்கொண்டார். ஒரு பட்டன் மாறியிருந்தது, நான் பார்த்தேன், அவர் நான் பார்த்ததைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைத்தேன். வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்.

படியில் இறங்குவதற்குள் உள்ளே ஏதோ விழுந்த சத்தம். பாத்திரமா, ஸ்டூலா, ஆளா, தெரியவில்லை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். உள்ளே சத்தமே இல்லை. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இனி என்றைக்கும் போக மாட்டேன் என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, மிகப் பக்கத்தில். அவரும் கதவில் சாய்ந்துகொண்டுதான் நின்றிருக்கிறார். "பஸ்... போயிடும்" என்றார்.

போனேன்.

இங்கே எல்லாரும் வந்து விசாரித்தார்கள். ஏழு மெஷினை எனக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஒன்றைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை மற்றவர்கள். போன் சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிறது, எட்டி எடுக்கிற தூரம். சாப்பிட்டாரா, சிந்தினாரா, எழுந்து நடந்தாரா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரை தெரியப் போவதில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியாமல் ஒரு ஓவர்லாக்கைத் திறந்து போட்டு வைத்திருக்கிறேன். மணி அடித்துவிட்டது, மெஷினைத் திரும்ப மாட்டப் போகிறேன்.

நன்றாக எழுது.

உன் அண்ணி